துரு ஏழு

புதுக்கரையில் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பெண்ணைப் பார்ப்பதில்லை. அந்த வீட்டுப் போரைத்தான் பார்ப்பார்கள்.

முன்னறையில், நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், ஒரு கண்ணாடிப் பேழை இருக்கும். அதற்குள் ஒரு கவச வண்டி, அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில், சேறும் துருவும் புகையுமாக நிற்கும். மாப்பிள்ளையின் தகப்பனார் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அங்கே போய்க் குனிவார். சங்கிலிப் பட்டையில் ஒட்டியிருப்பது ஆற்றுச் சேறா, கணவாய்ச் சேறா? எண்ணெய்க் கோடு மூடியிலிருந்து வழிகிறதா, சும்மா நடுவில் தொடங்குகிறதா? எல்லாம் பார்த்துத் திருப்தி என்றால் ஒரு கனைப்புக் கனைப்பார். அதற்கப்புறம்தான் காபி வரும், பலகாரம் வரும், பெண் வருவாள். சேற்றின் நிறம் சரியில்லை என்று எழுந்து போன சம்பந்திகளும் உண்டு.

புதுக்கரை இருப்பது, பூமியிலிருந்து போன நம் ஜனங்கள் குடியேறிய ஒரு கோளில். நடுவில் ஒரு கணவாய், அதில் ஓர் ஆறு, இந்தப் பக்கம் நம்மவர்கள், அந்தப் பக்கம் வேறு ஆட்கள். ஆறு யாருக்கு என்று ஒரு போர் நடந்தது. பிறகு இரண்டு பக்கமும் களைத்துப்போய் உடன்படிக்கை எழுதிக்கொண்டன. கவச வண்டி அத்தனையையும் உருக்கிவிட வேண்டும் என்று அதில் ஒரு விதி. உருக்கினார்கள், அந்த இரும்பில் ஊருக்குத் தண்ணீர்க் குழாய் போட்டார்கள். அசல் வண்டி கண்ணை விட்டு மறைந்ததும் மக்களுக்கு வண்டிமேல் தாங்க முடியாத ஆசை வந்துவிட்டது. மனித சுபாவத்துக்குப் பயணச்சீட்டு வேண்டியதில்லை, எந்தக் கோளுக்குப் போனாலும் கூடவே வந்துவிடும்.

வீட்டுக்கு வீடு சிற்றுரு செய்ய ஆரம்பித்தார்கள். வண்டியைச் செய்வது பெரிய காரியம் அல்ல, அச்சு இயந்திரம் அரை நாளில் துப்பிவிடும். அதற்கு வயது ஏற்றுவதுதான் வித்தை. அதற்கு 'வெயில்மழை வேலை' என்று பெயர். முதலில் அடிப்பூச்சு. அதன் மேல் உப்பைத் தூவி இன்னொரு பூச்சு. உப்பைத் தேய்த்து எடுத்தால் வண்ணம் பெயர்ந்த இடங்கள் கிடைக்கும். பிறகு நீர்த்த சாயத்தால் ஒரு கழுவல், பொடித்த மண், மழை வழிந்த கோடு. வேலையின் முதல் பாடம் ஒன்றே ஒன்று: மேலே இருப்பது பின்னால் வந்தது. சேற்றுக்கு மேல் மழைக்கோடு இருந்தால் சேறு முந்தியது, மழை பிந்தியது. பார்க்கத் தெரிந்தவன் ஒரு கதவை வைத்து ஒரு வாரத்தைச் சொல்லிவிடுவான்.

இப்படிப்பட்ட ஊரில் உமையாள் வீட்டுப் பேழை காலியாக இருந்தது.

அவள் தம்பி சொக்கு கணவாய்ப் போரில் வண்டி ஓட்டியவன். அரண் வகை வண்டி. சேற்றில் புரண்டு எழுவதால் அதை எல்லோரும் எருமை என்பார்கள். போனவன் திரும்பவில்லை. உடலும் வரவில்லை. ஆட்சிமன்றத்திலிருந்து செய்திதான் வந்தது: 'வலியின்றி, ஒரு கணத்தில்.' பக்கத்துத் தெருவில் பிள்ளையை இழந்தவர்களுக்கும் அதே செய்தி, எதிர்த் தெருவிலும் அதே செய்தி. எல்லோருக்கும் ஒரே மாதிரியா கணம் வாய்க்கும் என்று உமையாள் அன்றைக்கே நினைத்தாள். வாய்விட்டுக் கேட்கவில்லை. அவளுடைய தாயார் அந்த ஒரு கணத்தை நம்பித்தான் மிச்ச நாளை ஓட்டினார்.

சொக்குவின் மனைவி அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். மகள் மீனாளை வளர்த்தது உமையாள்தான். மீனாள் இப்போது கால்வாய் வெட்டும் இடத்தில் பெரிய மண்வாரி இயந்திரத்தை ஓட்டுகிறாள். தகப்பனின் கை அப்படியே வந்திருக்கிறது என்பார்கள்.

அவளைப் பார்க்க வந்தவர்கள் காலிப் பேழைக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றார்கள், காபியைப் பாதியில் வைத்தார்கள், நல்ல நாள் பார்த்துச் சொல்வதாகப் போனார்கள்.

"கல்யாணம் ஆகலைன்னு எனக்கு ஒண்ணும் கவலையில்லை அத்தை," என்றாள் மீனாள், தட்டுகளை எடுத்தபடி. "ஆனா அப்பா போருக்கே போகாத மாதிரில்ல பேசிட்டுப் போறாக."

"ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. விடு."

"ஒரு வண்டி செஞ்சு வச்சா என்ன? உங்களுக்குத்தான் கை வருதே. அடுத்த வீட்டுக்கெல்லாம் சேறு பூசிக் குடுக்குறீக."

உமையாள் காபித் தம்ளர்களைக் கழுவப் போட்டாள். அடுத்தவர் வண்டிக்குச் சேறு பூசுவது வேறு. தம்பியின் வண்டிக்கு எந்த நாளின் சேற்றைப் பூசுவது? அவன் எப்படிப் போனான் என்று தெரியாமல் ஒரு கோடு இழுத்தாலும் அது பொய். அந்தப் பொய்யை முன்னறையில் வைத்துத் தினமும் தூசி தட்ட அவளால் ஆகாது. அவளுக்கு வேண்டியது அந்த ஒரு கணத்தின் உண்மை. அது வலியில்லாத கணம்தானா என்று தெரிந்தால் போதும்.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. எருமைகளை உருக்கியபோது அவற்றுக்குள் ஓட்டுநருக்குத் துணையிருந்த வண்டிமனங்கள் என்ற இயந்திர மூளைகளை மட்டும் ஆவணக் கூடத்தில் எடுத்து வைத்திருந்தார்கள். உள்ளே நடந்ததைப் பற்றி அவை பேசக்கூடாது என்று முத்திரை. அதைத் திறந்தால் பழைய பகை கிளம்பும், தவிர அந்த ஒரு கணம் என்ன ஆவது? ஆனால் சிற்றுருக்காரர்கள் விடவில்லை. நிறம் தெரியாமல் தவிக்கிறோம் என்று மனு மேல் மனு போட்டு, 'மேற்பரப்பைப் பற்றி மட்டும் பேசலாம்' என்று அனுமதி வாங்கிவிட்டார்கள். மனு போட்டவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் இருந்தார்கள். அவர்களும் நிறத்தைத்தான் கேட்டார்கள்.

உமையாள் தம்பியின் வண்டிமனத்தை இரவல் வாங்கி வந்தாள். அஞ்சறைப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. மேசையில் வைத்ததும் அது மரியாதையாகப் பேசியது.

"வணக்கம் அம்மா. எந்தக் காலத்து மேற்பரப்பு வேண்டும்? தொழிற்சாலையிலிருந்து வந்த புதிதா, முதல் மழைக்குப் பின்னா? பெரும்பாலானவர்கள் கணவாய்ச் சண்டைக்கு முந்திய நாளைத்தான் கேட்பார்கள். அன்று நான் பார்க்க நன்றாக இருந்தேன்."

"உன்னை ஓட்டுனது யாருன்னு தெரியுமா?"

"உட்புறம் முத்திரையிடப்பட்டது. மேற்பரப்பைக் கேளுங்கள் அம்மா."

"சரி. கடைசி நாள். சண்டையெல்லாம் முடிஞ்சு உன்னை உருக்க எடுத்துட்டுப் போன அன்னைக்கு எப்படி இருந்தே?"

"அதை இதுவரை யாரும் கேட்டதில்லை," என்றது பெட்டி.

வேலை தொடங்கியது. ஓய்வு நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து அது சொல்லச் சொல்ல அவள் பூசினாள். அடிநிறம் காட்டுப் பச்சை. மேல்தளம் வெயிலில் மங்கிப் பாசிப்பயறு நிறத்துக்கு வந்திருக்கிறது. இடப்பக்கப் பட்டையில் ஆற்று வண்டல், காய்ந்து வெடித்தது. பின்புறம் குண்டு பட்ட ஓட்டை, அதைச் சுற்றிக் கருகல். அடிபட்டதில், ஆள் ஏறி இறங்கும் ஓட்டுநர் மூடி வளைந்து, இரண்டு விரற்கடை திறந்த நிலையில் சிக்கிக்கொண்டது.

"மூடிக்குக் கீழ?" என்று கேட்டாள்.

"விளிம்பிலிருந்து ஒரு கறை வழிகிறது. உள்ளிருந்து வெளியே. இரண்டு விரல் அகலம். இப்போதைய நிறம் கடுக்காய்க் கறுப்பு, ஓரங்களில் செம்பழுப்பு. காய்ந்து சிறு வெடிப்புகள் விட்டிருக்கிறது."

புதுக்கரையிலும் கணவாயிலும் மத்தியானம்தோறும் தவறாமல் மழை பெய்யும். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அவள் தொழில்காரியாகவே கேட்டாள். வேறு எப்படியும் கேட்க முடியாது.

"மழைக்கோடு கறைக்கு மேலயா, கீழயா?"

"முதல் கறைக்கு மேலே மழைக்கோடு. அதற்கு மேலே இரண்டாவது கறை, முதலாவதைவிட ஒல்லியானது. அதற்கு மேலே மறுபடி மழைக்கோடு. அதற்கும் மேலே மூன்றாவதாக ஒரு துளி. அது கீழே வரை வரவில்லை. பின்னால் பெய்த மழையெல்லாம் அதற்கும் மேலே."

"வேற?"

"விளிம்புக்கு வெளியே நான்கு இடத்தில் சேறு துடைபட்டிருக்கிறது. பக்கம் பக்கமாக நான்கு கோடுகள், சுண்டுவிரல் நீளம். அந்த இரண்டு மழைக்குப் பிறகும் அதே இடத்தில் புதிதாகத் துடைபட்டிருக்கிறது. மழைநீர் தேங்கும் பள்ளம் அது. அந்த இடத்தில் வண்ணம் தேய்ந்து உலோகம் மினுமினுப்பாக இருந்தது. இதற்கு வெள்ளீய நிறத்தை உலர்ந்த தூரிகையால் தொட்டு வைத்தால் போதும் அம்மா."

மேலே இருப்பது பின்னால் வந்தது. இரண்டு மழை. சொக்கு இரண்டு மழைவரைக்கும் உயிரோடு இருந்திருக்கிறான். மூடியைத் திறக்கப் பார்த்திருக்கிறான், முடியாமல் போக, விரலை வெளியே நீட்டி மழைத்தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்திருக்கிறான். யாரும் வரவில்லை. 'வலியின்றி, ஒரு கணத்தில்' என்று எழுதியவனின் கை அழுகிப்போக வேண்டும் என்று நினைத்தாள். பிறகு அம்மா இதைக் கேட்காமல் போய்ச் சேர்ந்தது எவ்வளவு நல்லது என்று நினைத்தாள். பிறகு ஒன்றும் நினைக்காமல் அழுதாள். பெட்டி, அடுத்து வலப்பக்க விளக்கைப் பார்க்கலாமா என்று பணிவாகக் கேட்டது.

சொன்னபடியே எல்லாவற்றையும் பூசினாள். அந்த நிறத்துக்குக் கடுக்காயும் காவியும் போதவில்லை. பலநாள் கலந்து பார்த்து, கடைசியில் ஏழாவது கலவை சரியாக வந்தது. வேலை முடிந்த பிறகு அந்த அறையில் இருப்பது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. மத்தியான மழை ஜன்னலில் விழும்போதெல்லாம் பேழைக்குள் யாரோ விரல் நீட்டுவது போல ஒரு நினைப்பு.

மீனாள் பார்த்துவிட்டு அசந்துபோனாள். "அது என்ன அத்தை, மூடிக்குக் கீழ?"

உமையாள் வாயைத் திறந்தாள். பிள்ளை முகத்தில் அப்பாவின் வண்டியைப் பார்த்த சந்தோஷம். "துரு," என்றாள். திருநாளில் எல்லோருக்கும் தெரியத்தானே போகிறது, அப்போது இவளும் தெரிந்துகொள்ளட்டும் என்று தள்ளிப்போட்டாள்.

வண்டித் திருநாள் வருஷத்துக்கொருமுறை நடப்பது. ஊரே கண்காட்சிக் கூடத்தில் கூடும். வண்டிகளைச் சோதிக்க நோட்டன் என்று ஓர் இயந்திரம் உண்டு. பூமியில் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக மேசை விளக்கடியில் உட்கார்ந்து செய்த சிற்றுருக்களின் படங்கள், லட்சக்கணக்கில், அதற்குப் பாடம். ஒவ்வொரு கறைக்கும் காரணம் சொல்லும். காரணம் இல்லாத கறை இருந்தால் வண்டியை உள்ளே விடாது.

உமையாளின் வண்டியை அது வெகுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"மிகச் சிறந்த வேலை. ஆனால் ஒரு பிழை. ஓட்டுநர் மூடியின் கீழ் உள்ள கறைக்குக் காரணம் விளங்கவில்லை."

"அது ரத்தம்," என்றாள் உமையாள்.

"எண்ணெய் பார்த்திருக்கிறேன். துரு, மழைநீர், புகை, பறவை எச்சம், ஒருமுறை சிந்திய தேநீர்கூடப் பார்த்திருக்கிறேன். குண்டு துளைத்த ஓட்டை ஆயிரக்கணக்கில் இருக்கிறது. உள்ளே எரிந்துபோன வண்டிகள் இருக்கின்றன, மிக அழகாகச் செய்திருக்கிறார்கள். நீங்கள் சொல்வதைச் செய்தவர்கள் இல்லை என்றே சொல்லலாம். எங்கோ ஒன்றிரண்டு உண்டு. அவற்றையும் ரசக்குறைவு என்று ஒதுக்கியிருக்கிறார்கள்."

"அப்ப அந்த எரிஞ்ச வண்டிக்குள்ள இருந்தவுக என்ன ஆனாகன்னு நினைக்கிறே?"

"இறங்கிப் போயிருப்பார்கள்."

அது கேலி செய்யவில்லை. கேலி செய்ய அதற்குத் தெரியாது.

"அவர்கள் ஓர் ஆணியின் தலையைக்கூட விடாமல் செய்தவர்கள் அம்மா," என்றது நோட்டன். "இது நடந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள். நிறத்தைப் பார்த்தால் துருவோடு பொருந்துகிறது. துரு என்று பதிந்துகொள்ளட்டுமா? இல்லையென்றால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்."

பின்னால் வரிசை நீண்டிருந்தது. யாரோ இருமினார்கள். திருப்பி எடுத்துப் போனால் ஒருவரும் பார்க்கப் போவதில்லை. எந்தப் பெயரிலாவது உள்ளே போனால், ஆயிரம் பேரில் ஒருவருக்காவது, மழைக்கோட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவருக்காவது, புரியாதா? ஊரில் பாதிப் பேர் தொழில் தெரிந்தவர்கள். ஒருவன் கேட்டுவிட்டால் போதும், அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடத் தயாராக இருந்தாள்.

"போட்டுக்க," என்றாள்.

முதல் பரிசு கிடைத்தது. கூட்டம் பேழையைச் சூழ்ந்துகொண்டது. உமையாள் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பெரிய பெரிய கைகாரர்கள் உருப்பெருக்கியை வைத்து மூடியின் கீழே குனிந்தார்கள். நிமிர்ந்தபோது அவர்கள் கண் கலங்கியிருந்தது உண்மை. கேட்டார்கள் என்பதும் உண்மை. கேட்டது ஒரே கேள்வி.

"ஆச்சி, இந்தத் துருவுக்கு என்ன கலந்தீக?"

அவள் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, பரிசு பெற்ற வண்டியின் கலவைகளை நோட்டன் ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. மறுமாதமே வண்ணக் கடையில் குப்பி வந்துவிட்டது: 'துரு ஏழு'. அடுத்த திருநாளில் அது இல்லாத வண்டி இல்லை. எல்லா எருமைக்கும் ஓட்டுநர் மூடியின் கீழே அளவு பிசகாமல் அதே கறை. எடுப்பாக இருக்கட்டும் என்று சிலர் இன்னும் கீழே இழுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருபக்கம் மட்டும் இருந்தால் நன்றாக இல்லை என்று இரண்டு பக்கமும் பூசினார். மழைக்கோட்டை ஒருவரும் பூசவில்லை. அது மெனக்கெட்ட வேலை.

உமையாள் விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முன்னறையில் தம்பி செத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் உட்கார்ந்து முறுக்குக் கடிக்க அவளால் முடியவில்லை. மீனாளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பாள். துரு என்று ஒருமுறை சொன்னதை எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியாமல் அடுத்த நாளுக்குத் தள்ளுவாள்.

அப்படி இருக்கையில் ஆற்றுத் தகராறு மறுபடி வந்தது.

பழைய உடன்படிக்கையில் வண்டிகளை உருக்கச் சொல்லியிருந்தார்களே தவிர, மறுபடி வார்க்கக் கூடாது என்று எழுத மறந்திருந்தார்கள். தண்ணீர்க் குழாய்களைப் பெயர்த்தெடுத்து உருக்கி, தண்ணீருக்காகக் கவச வண்டி செய்தார்கள். ஊர் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றது. ஆனாலும் எருமை திரும்பி வருகிறது என்றதும் எல்லோருக்கும் ஒரு பூரிப்பு. பெரிய இயந்திரம் ஓட்டத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டார்கள். மீனாள் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள்.

"அப்பா ஓட்டுன வண்டி அத்தை," என்றாள். அதற்குமேல் அவளிடம் காரணம் கேட்க முடியவில்லை.

வண்டிகள் புறப்படும் நாளில் உமையாள் திடலுக்குப் போனாள். புத்தம்புது எருமைகள் வரிசையாக நின்றன. புதிதுதான், ஆனால் பார்த்தால் புதிதாகத் தெரியவில்லை. பட்டையில் பொடிமண், மேல்தளத்தில் வெயில் மங்கல், குழாயில் புகை. எல்லாம் தொழிற்சாலையிலேயே பூசியது. ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுநர் மூடியின் கீழே இரண்டு விரல் அகலத்தில், அசல் அளவில், அந்தக் கறை.

வண்ணப் பகுதி மேற்பார்வையாளர் அவளை அடையாளம் கண்டு ஓடிவந்தார். "வாங்க ஆச்சி. உங்க கைதான் இது எல்லாம். முதல்ல பூசாமதான் அனுப்புனோம். புள்ளைக பாத்துட்டு, என்ன இது பொம்மை மாதிரி இருக்குன்னு ஏற மாட்டேன்னுட்டாக."

உமையாள் மீனாளின் வண்டியருகே போனாள். புடவைத் தலைப்பை எச்சிலில் நனைத்துக் கறையைத் தேய்த்தாள். வரவில்லை. அழுத்தித் தேய்த்தாள்.

"இது என்னன்னு தெரியுதா உனக்கு?" என்று வண்டியைக் கேட்டாள். பழைய வண்டிமனத்தைத்தான் படியெடுத்து எல்லாவற்றிலும் வைத்திருந்தார்கள்.

"துரு ஏழு, அம்மா," என்றது அந்தப் பழகிய குரல். "சரியான இடம், சரியான நிறம். மழைக்கோடுகள் மட்டும் இன்னும் வரவில்லை."

"யாரோடதுன்னு தெரியுமா?"

"உட்புறம் முத்திரையிடப்பட்டது."

மீனாள் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி வந்தாள். சீருடையில் சொக்குவே நடந்து வருவது போல இருந்தது. உமையாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. கடைசியில் வந்தது ஒன்றே ஒன்று.

"மீனா, அது துரு இல்லைடி."

"தெரியுமே அத்தை," என்று சிரித்தாள் மீனாள். "பெயின்ட்தானே. அழியாது, மேல மூணு கோட்டு வார்னிஷ் அடிச்சிருக்காக."

சங்கு ஊதியது. மீனாள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு வண்டியின் மேல் ஏறினாள். மூடியருகே வந்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு பூட்ஸ் பட்டுக் கறை கெட்டுவிடாமல் காலை அகட்டி அதைத் தாண்டி, பத்திரமாக உள்ளே இறங்கினாள்.